மேடைக்கு ஒரு நாற்காலி போதும்

அந்த ஆளை நான் வரவழைக்கவில்லை. நான் தட்டச்சு செய்தது இவ்வளவுதான்: அகலமான மேடை, பின்னால் வெள்ளைப் பூ வளைவு, நடுவில் ஒரு நாற்காலி, அதில் பச்சை உடையில் நாற்பது வயதுப் பெண். இருபது நொடியில் படம் வந்தது. மேடை இருந்தது, பூ இருந்தது, பெண் இருந்தாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அதில் கண்ணாடி போட்ட ஒருவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

'ஆண் வேண்டாம்' என்று சேர்த்துத் தட்டினேன். இரண்டு ஆண்கள் வந்தார்கள்.

எங்கள் அலங்காரக் கடையில் எந்த விழாவுக்கும் முதலில் கணினியில் படம் உருவாக்கிக் காட்டுவோம். பார்ட்டி மாற்றம் சொல்லும், நான் மாற்றுவேன், கடைசிப் படத்தை அச்செடுத்து அதன் மேல் கையெழுத்து வாங்குவோம். அந்தத் தாள் பட்டறைச் சுவருக்குப் போய்விடும். பட்டறை ஆட்கள் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுவரில் என்ன இருக்கிறதோ அதுதான் மேடை. ஒரு முறை படத்தில் தப்பாக விழுந்த ஒரு நாய்க்குக்கூடப் பஞ்சில் பொம்மை செய்து வைத்தவர்கள்.

இந்தப் படத்தைக் கேட்டவர் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுபவர். கிரேன் அக்கா என்றுதான் கடையில் சொல்வோம். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் என்ன விசேஷம் என்று கேட்டேன்.

"எனக்கு நாப்பது வயசாகுது."

"பிறந்தநாளாக்கா? கேக் மேசை எந்தப் பக்கம்?"

"கேக்கெல்லாம் வேண்டாம். கல்யாணத்துக்குப் போடுவீங்கல்ல, அந்த மாதிரி மேடை வேணும். ஆனா கல்யாணம் இல்ல."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"அண்ணன் கல்யாணம், தங்கச்சி கல்யாணம், சித்தி பொண்ணுங்க அஞ்சு பேரு கல்யாணம். எல்லாத்துலயும் வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டது நான். பந்தியில தண்ணி ஊத்துனது நான். 'அடுத்து உன் கல்யாணத்துக்கு வர்றோம்'னு சொல்லிச் சொல்லியே ஏப்பம் விட்டுட்டுப் போனாங்க எல்லாரும். நான் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல. அதுக்காக என் வீட்டு விசேஷத்துக்கு யாரும் வரவே வேண்டாமா? ஒரு நாள் வரட்டும். நான் உக்காந்திருக்கேன், அவங்க வந்து பாக்கட்டும்."

"அப்ப மேடையில நீங்க மட்டும்."

"நான் மட்டும். ஒரு நாற்காலி."

வேலைக்கு ஏறும்போது அக்கா போனைக் கீழே பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். அதனால் அவசரத்துக்கென்று படிவத்தில் இரண்டாவது எண்ணாக அண்ணன் எண்ணை எழுதியிருந்தார். முதல் படம் வந்த அன்று மண்டபத்துக்காரர் மேடை நீளத்தை உடனே சொல் என்று உயிரை எடுத்தார். அக்கா எடுக்கவில்லை. ஆள் இருந்த அந்தப் படத்தையே இரண்டாவது எண்ணுக்கு அனுப்பி, 'நீளம் போதுமா பாருங்கள்' என்று எழுதினேன். ஆளைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தப்பு என்னுடையது.

அக்கா சாயங்காலம் மஞ்சள் மேலங்கியைக் கழற்றாமலே கடைக்கு வந்தார். போனை என் மேசையில் வைத்தார்.

"தம்பி, யாருப்பா இவரு?"

"யாருமில்லக்கா. கம்ப்யூட்டரா போட்டுக்கிச்சு."

"எங்க சித்தி இவரு மோதிர அளவு கேக்குறாங்க."

அண்ணன் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். கீழே அறுபது எழுபது செய்திகள். மாப்பிள்ளைக்கு நல்ல களை என்று ஒருவர். என்ன வேலை என்று மாமா. பெரியம்மா வீட்டு ஜாடை தெரிகிறது என்று இன்னொருவர், எங்கிருந்து தெரிந்ததோ. 'அப்படி யாரும் இல்லை' என்று அக்கா எழுதியதற்குக் கீழே, 'வெட்கப்படுகிறாள்' என்று அண்ணன் எழுதியிருந்தார்.

"மன்னிச்சுக்கங்கக்கா."

"நீ அனுப்புனது ஒரு தடவை. அவங்க இருபது வருஷமா இவரத்தான் தேடிட்டு இருந்தாங்க. கெடச்சதும் விட மாட்டாங்க."

மறுநாள் காலையிலேயே அண்ணன் வந்தார். அவருடைய கம்பெனியின் ஆண்டு விழாவை எங்கள் முதலாளிதான் செய்கிறார். அதனால் உள் அறை, டீ, மின்விசிறி எல்லாம் கிடைத்தன. என்னையும் கூப்பிட்டார்கள்.

"படம் தப்பாவே இருக்கட்டும்" என்றார் அண்ணன். "மண்டபம் இருக்கு. தேதி இருக்கு. சாப்பாடு சொல்லியாச்சு. சொந்தக்காரங்க எல்லாம் சந்தோஷமா இருக்காங்க. ஒரே ஒரு ஆளுதானே குறையுது?"

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்துத் திரைத்துணி நிறம் பார்க்க அக்கா வந்திருந்தார். பின்னாலேயே அண்ணன் வந்தார். கூடவே ஒருவர். ஐம்பதை நெருங்கிய வயது, தேய்த்த சட்டை, கண்ணாடி. முகவெட்டு கொஞ்சம் ஒத்துப்போனது என்பதை மறுக்க முடியாது. அண்ணன் அலைந்துதான் பிடித்திருக்கிறார்.

"இவரு மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்காரு" என்றார் அண்ணன். "சும்மா பேசிட்டு இருங்க. நான் டீ சொல்லிட்டு வர்றேன்."

"டீ வேண்டாம். நில்லுங்கண்ணா" என்றார் அக்கா. கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். "உங்ககிட்ட என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?"

அவர் நெளிந்தார். "உங்களுக்குச் சம்மதம்னாங்க. தேதிகூடக் குறிச்சாச்சு, மாப்பிள்ளை ஏதோ காரணத்தால நின்னுட்டாருன்னாங்க."

"மாப்பிள்ளை நிக்கல. ஆளே கிடையாது. தம்பி, காட்டு."

திரையில் படத்தைப் பெரிதாக்கினேன். கடைக்காரர் குனிந்து பார்த்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காலே இல்லையே. இது எப்படிங்க மூஞ்சியில நிக்கும்? அஞ்சு நிமிஷத்துல கீழ விழுந்துரும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவரும் சிரித்தார். அண்ணனுக்கு முகம் கறுத்துப்போனது.

"எங்கிட்ட யாரும் சரியா சொல்லல" என்றார் கடைக்காரர். "ஒரு படத்துல காலியா இருக்குற எடத்துக்கு வந்து உக்கார்ற அளவுக்கு நானும் சும்மா இல்லீங்க. கடையில ஆளுங்க காத்துட்டிருப்பாங்க." அக்காவுக்கு மட்டும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார்.

"ஒத்தையா உக்காந்து என்னத்தக் கொண்டாடப் போற?" அண்ணன் குரல் ஏறியது. "ஊரே சிரிக்கும். யாரும் வர மாட்டாங்க. நான் சொன்னா எவனும் வர மாட்டான்."

"சொல்லுங்க. வராதவங்க நாற்காலி காலியா கெடக்கட்டும். தம்பி, கீழ முன்னூறு நாற்காலி சொல்லியிருந்தேன். ஒன்னுகூடக் குறைக்காத. மேல ஒன்னு. அதுல ஒன்னுகூடக் கூட்டாத."

அண்ணன் கத்திவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்த ஆளை அழிக்க எனக்கு அன்று பிற்பகல் முழுவதும் ஆனது. நாற்காலியை எடுத்தால் பூந்தொட்டி வந்தது. பூந்தொட்டியை எடுத்தால் ஒரு குழந்தை வந்தது. பெண்ணுக்குப் பக்கத்தில் வெறும் இடம் என்பதை அந்தக் கணினியும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசியில் அதை விட்டுவிட்டு, நானே கையால் அந்த இடத்தைத் தரைவிரிப்பு நிறத்தில் பூசினேன். அக்கா கூடவே இருந்து பார்த்தார். அச்செடுத்த தாளை வாங்கி, பூசிய இடத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: இங்கே எதுவும் வைக்க வேண்டாம். அதன் கீழே கையெழுத்து.

விழாவுக்கு முதல் நாள் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"ரெண்டு நாற்காலி வச்ச படத்த எடுத்துப் பட்டறையில ஒட்டு. மேல போட்டுட்டா அந்தம்மா ஒன்னும் பண்ண முடியாது. யாரையாவது உக்கார வச்சுக்குவாங்க."

"அவங்க கையெழுத்துப் போட்டுட்டாங்க."

"அவங்க அண்ணன் நமக்கு வருஷா வருஷம் வேலை குடுக்கிறாருடா."

"அப்ப அவருக்கு வருஷா வருஷம் ரெண்டு நாற்காலி போடுங்க. இதுக்கு ஒன்னுதான்."

நான் படிப்பைப் பாதியில் விட்டவன். ஆறு வருடம் கால் சென்டரில் ராத்திரி வேலை பார்த்து, தெரியாத ஆட்களிடம் ஆமாம் சார், சரி சார் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு வாழ்நாளில் இத்தனை 'சரி'தான் சொல்ல முடியும் என்று ஓர் அளவு இருந்தால், எனக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது.

"நாளையிலேருந்து வேலைக்கு வராத" என்றார்.

"நாளைக்கு மேடை இருக்கு. நாளன்னிலேருந்து வரல."

முதலாளிக்கு அந்த மென்பொருளைத் திறக்கத் தெரியாது. அக்காவின் தாளைப் பட்டறைச் சுவரில் நான்கு மூலையிலும் ஆணி அடித்து வைத்தேன். பட்டறை மூத்தவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "எதுவும் வேண்டாம்னா எதுவும் இல்ல. நமக்கு வேலை மிச்சம்" என்றார்.

விழா பிற்பகல். முனையத்திலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வந்தார்கள். சொந்தக்காரர்கள் முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள். நாற்காலிகளில் பாதி காலி. அக்கா பச்சை உடையில் மேடையேறி உட்கார்ந்தார். வாசலில் யாரும் வாங்க வாங்க என்று சொல்லவில்லை. வந்தவர்கள் அவர்களாகவே வந்தார்கள்.

வரிசை தொடங்கும் நேரம், அண்ணன் பந்தி அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். நான் மேடைப் பக்கம் நகர்ந்தேன். அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கை காட்டினார்.

"யாருக்குண்ணா அது?"

"அம்மாவுக்கு" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "பெத்தவளாவது பக்கத்துல உக்காரட்டும். இல்ல அதுவும் கூடாதா?"

கெட்டிக்காரத்தனமான அடி. அக்காவின் முகம் ஒரு கணம் மாறியதைப் பார்த்தேன். பிறகு முன்வரிசையைப் பார்த்து, "அம்மா, மேல வந்து உக்காரணுமா உனக்கு?" என்று கேட்டார்.

அவர் அம்மா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்கு இங்கதான் காத்து நல்லா வருது. நீ உக்காரு."

அண்ணன் நாற்காலியைக் கீழே வைக்கவும் இல்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. முனையத்து ஆட்கள் பரிசுப் பொட்டலங்களோடு படிக்குக் கீழே வரிசையாக நின்றார்கள்.

"சார், கொஞ்சம் எறங்குறீங்களா" என்றார் புகைப்படக்காரர். "அவங்கள மறைக்கிறீங்க."