கடலோரத் தோட்டத்தில் ஒருத்தி

கீழ்வானில் எழுந்த கதிரவன் கடலின் நெற்றியில் பொற்பொடி தூவி, அலைகளின் மடிப்புகளில் அதனை உருக்கி ஓடவிட்டு, கரையோர விடுதிகளின் சாளரங்களை ஒவ்வொன்றாய்த் தட்டி எழுப்பிக்கொண்டிருந்த வேளை அது. உப்புக்காற்று தெருவெங்கும் உலாவிக் கடைகளின் துணிப்பந்தல்களைப் பாய்மரத் துணிகளாய்ப் புடைக்கச் செய்ய, ஊர் முழுவதும் கட்டவிழக் காத்திருக்கும் பெருங்கலம்போல் மெல்ல அசைவதாய்த் தோன்றிற்று. மேற்குச் சரிவில் ஓவியக்கூடங்கள் இரண்டும், அவற்றைக் கடந்தால் கடலை நோக்கித் திறந்த சிற்பத்தோட்டமும் இருந்தன. விடுமுறையைக் கழிக்க வருவோர் அங்கே நிழலையும் அழகையும் தேடிப் போவார்கள். படிப்பவரே, நாம் பின்தொடரப் போகும் இளம்பெண்ணோ அன்று தன்னையே தேடிப் போனாள்.

அவள் நிழற்பட நிலையமொன்றில் வேலை பார்ப்பவள். எதிரே அமர்பவரின் முகவாயைச் சற்றே உயர்த்தச் சொல்லியும், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கச் சொல்லியும், பின்னர்த் திரையில் அம்முகங்களின் தழும்புகளை மெல்லத் துடைத்தும் பழகியவள். ஆனால் தன் முகம் ஒருவன் கண்ணில் எவ்வாறு பதிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. அவள் கணவன் கப்பலின் இயந்திர அறையில் பணிபுரிபவன். பெரியவர்கள் பேசி முடித்த மணம் அது. வந்த சுற்றத்தார் கலைந்து வீடு மீண்டும் வீடாகத் தோன்றுவதற்குள் விடுப்புத் தீர்ந்து அவன் கடலேறிவிட்டான். அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட பொழுதுகளைவிட, பார்க்க நாணித் தலை திருப்பிய பொழுதுகளே மிகுதி. அதன்பின் அவர்களுக்கு இருந்ததெல்லாம், கப்பல் கரையை நெருங்கும்போது மட்டும் ஒலிக்கும் கைப்பேசி ஒன்றுதான்.

சென்ற முறை அது ஒலித்தபோது, தான் அவனுடைய தமக்கையோடு இவ்வூருக்கு விடுமுறைக்குச் செல்லவிருப்பதைச் சொன்னாள். அவன் குரல் மலர்ந்தது.

"அந்த ஊரா? கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி அரை நாள் நான் அங்கதான் சுத்திட்டிருந்தேன். அங்க சிற்பத் தோட்டத்துல நீ இருக்க. போய்த் தேடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடுறேன், எதுன்னு நீதான் சொல்லணும்."

மேலும் கேட்பதற்குள் கடல் அவன் குரலை விழுங்கிவிட்டது. இன்று அந்த ஞாயிறு. சரியான சிலையை அவள் கண்டுகொண்டால், தன்னை விட்டுப் பிரிந்த அன்று அவன் நெஞ்சில் எதைச் சுமந்து சென்றான் என்பதையும் கண்டுகொள்வாள். தவறான ஒன்றைச் சொல்லிவிட்டாலோ, தாங்கள் இருவரும் இன்னும் அயலார்தாம் என்பதைத் தன் வாயாலேயே உறுதி செய்தவள் ஆவாள்.

உடன் வந்த நாத்தனார் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. ஊதல் ஊதி ஊதி உரத்த குரலும், யாரையும் வரிசையில் நிறுத்திவிடும் நடையும் உடையவள்.

"என் தம்பி பேச்சை நம்பியா இப்படி அலையிற? சின்ன வயசுல பசுமாடு வரைஞ்சு, கீழ பசுமாடுன்னு எழுதி வெச்சவன் அவன். எழுதலைன்னா எங்க யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"கொஞ்சம் மெதுவா பேசுங்க அண்ணி, எல்லாரும் பார்க்கிறாங்க."

தோட்டத்திற்கு வழி ஓவியக்கூடங்களின் ஊடாகவே சென்றது. குளிர்ந்த நெடுஞ்சுவர்களில் பழம் நறுக்கும் பெண்ணும், படிக்கும் பெண்ணும், எவரையோ வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த மறந்த பெண்ணும் வண்ணங்களாய் வாழ்ந்திருந்தனர். கண்ணாடி பதித்த கடலோவியமொன்றின் முன் நின்றவள், தீட்டப்பட்ட அலைகளின்மேல் தன் முகம் மிதப்பதைக் கண்டு, தொலைவில் ஒரு கப்பலிலிருந்து பார்த்தால் இம்முகம் இப்படித்தான் கலங்கித் தெரியுமோ என எண்ணி, நெடுநேரம் அங்கிருந்து அகலாதிருந்தாள்.

தோட்டத்தில் வெயில் முதிர்ந்திருந்தது. புல்வெளியின் நடுவே உயர்ந்த பீடத்தில் பளிங்குப் பெண்ணொருத்தி, முகவாய் உயர்த்தி, உலகம் முழுவதும் தன்னைக் காண வந்ததென எண்ணினாற்போல் நின்றாள். அப்பால் வெண்கல மங்கையொருத்தி இடை வளைத்து ஆடிக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் ஆடுபவளைச் சுற்றி வந்து இடுப்பில் கை வைத்தாள். "இது நீயா இருந்தா என் தம்பி கப்பலுக்கே போயிருக்க மாட்டான். அதோ, அந்தப் பளிங்குதான் நீ. மூக்கு கொஞ்சம் உன் மூக்கு மாதிரியே இருக்கு."

இளம்பெண் பளிங்கு முகத்தைத் தன் தொழிற்கண்ணால் அளந்தாள். நெற்றி ஒக்கவில்லை, உதடு ஒக்கவில்லை. ஆயினும் அவ்வழகு தன்னுடையதாக வேண்டுமென்ற ஆசை அறிவை மெல்ல ஒதுக்கித் தள்ளிற்று. "இதுவாத்தான் இருக்கும் அண்ணி" என்றாள். சொன்ன கணமே, பிறர் உடையை உடுத்திக்கொண்டவள்போல் உள்ளம் கூசினாள்.

திரும்பும் வழியெங்கும் சரளை பரப்பியிருந்தது. நீர்க்குழாயின் அருகே, எவரும் நின்று பாராத மூலையில், நாத்தனார் திடீரென நொண்டினாள். "ஐயோ, செருப்புக்குள்ள கல்லு!" என்றவள், எட்டிய தொலைவில் நீண்டிருந்த கருங்கற் கையொன்றைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்று செருப்பை உதறினாள். உதறியவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அட, இவளும் என்னை மாதிரிதான் மாட்டிக்கிட்டு நிக்கிறா பாவம்!"

அப்போதுதான் இளம்பெண் அச்சிலையைப் பார்த்தாள். ஆளுயரக் கருங்கற் பெண்; ஒரு காலை மடக்கி உயர்த்தி, குனிந்து, ஒரு கையால் செருப்பை அவிழ்க்கிறாள். சரிந்த கூந்தலுக்குள் முகம் செதுக்கப்படவே இல்லை. மறுகை மட்டும் பக்கவாட்டில் நீண்டு, அங்கே நிற்கும் எவருடைய தோளையோ பற்றுவதுபோல் விரல் குவித்திருந்தது. அங்கே எவரும் இல்லை.

மணமான மறுவாரம் ஒரு மேட்டுச் சாலையில் இருவரும் நடந்தது அவள் நினைவில் அலையாய் எழுந்தது. அன்றும் செருப்புக்குள் ஒரு கல். எண்ணிப் பாராமலே அவள் கை அவன் தோளைப் பற்றிற்று. அதுவே அவள் தானாக அவனைத் தீண்டிய முதற்பொழுது. அவன் மூச்சுவிடவும் மறந்தவன்போல் அசையாது நின்றான். "கல்லு போயிடுச்சா?" என்று மட்டும் கேட்டான். "போயிடுச்சு" என்று வெட்கத்தோடு கையை விலக்கிக்கொண்டாள். அத்தனை விரைவாய் விலக்கியிருக்க வேண்டாமென்று எத்தனையோ இரவுகள் எண்ணியதுண்டு.

நாத்தனார் குழாயில் கால் கழுவப் போக, அவள் அந்த வெறுமைக்குள் அடியெடுத்து வைத்தாள். கற்கை அவள் தோளுக்குச் சற்று மேலே, தோள் எட்டாத உயரத்தில் நின்றது. அவனுக்கு அது சரியாய் அமைந்திருக்கும். கால் பெருவிரல்களை ஊன்றி எழுந்தாள். வெயிலில் காய்ந்த கல் இளஞ்சூடாய்த் தோளில் பட்டது. அங்கிருந்து நோக்கினால் முகம் தெரியாது. குனிந்த உச்சியும், பிடரியும், நம்பி நீட்டிய ஒரு கையும் தெரியும். அவன் சுமந்து சென்றது இதுதான் என்று அறிந்தாள். அரை நாளில் எத்தனை பொழுதை அவன் இங்கேயே நின்று கழித்தானோ!

கடலில் செவ்வொளி படர்ந்த மாலையில் கைப்பேசி ஒலித்தது.

"கண்டுபிடிச்சியா?" என்றான்.

"பளிங்குன்னு சொல்லு, மரியாதையா இருக்கும்" என்று நாத்தனார் காதோரம் முணுமுணுத்தாள்.

அவள் சில அடிகள் விலகி நடந்து, அலை தொடும் இடத்தில் நின்றாள். "நீங்க நின்ன இடத்தைக் கண்டுபிடிச்சேன். எனக்குத்தான் உயரம் பத்தல."

இயந்திரங்களின் உறுமலுக்கிடையே, மிக மெல்ல அவன் கேட்டான்: "கல்லு போயிடுச்சா?"

"இல்ல" என்றாள். "இன்னும் போகல."

அதற்கு மறுமொழி வந்ததா, அலையோசையில் கரைந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. தொடர்பு அறுந்தபின்னும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றாள். அவ்வேளை சரிவின்மேல் தோட்டத்துக் கதவுகள் சாத்தப்பட, பளிங்கும் வெண்கலமும் இருளில் ஒன்றாய்க் கலந்தன. குழாயோரக் கருங்கற்பெண் மட்டும், தலை நிமிராமல், தோள் வருமென்னும் உறுதியோடு கையை நீட்டியே இருந்தாள். பிரிந்தவர்களின் நாள்கள் யாவும் ஒற்றைக்காலில் நிற்கும் அந்நிலையைப் போன்றவையே. பற்றுவதற்கு ஒரு தோள் எங்கோ கடல்மேல் வந்துகொண்டிருக்கிறதென்ற நம்பிக்கையே அவற்றை விழாமல் நிறுத்துகிறது.