பியானோவுக்கு வீட்டு விலை

முப்பது வருடமாகப் பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறேன்; பழைய பியானோவுக்கு விலையும் சொல்கிறேன். நான் சொன்ன விலை இதுவரை தப்பியதில்லை. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். என் காது பொய் சொல்லாது, நானும் சொல்வதில்லை.

அன்று என்னை வரச்சொன்னவர் ஓர் அக்கா, தம்பி இருவரில் தம்பி. அப்பா இறந்து மூன்று மாதம். வீடும் பியானோவும் பிள்ளைகள் இருவருக்கும் சரிசமம் என்று உயில். தம்பி அதற்கு ஒரு சுலப வழி வைத்திருந்தார். வீடு தனக்கு, பியானோ அக்காவுக்கு. இரண்டும் ஒரே விலைதான் என்று நான் ஒரு தாள் எழுதித் தந்தால் போதும். படுக்கையில் கிடந்த அப்பாவை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட அக்கா இந்த வீட்டில்தான் இருந்தார். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அவர் வாடகைக்கு அறை தேட வேண்டியதுதான்.

"நூத்திப் பத்து வருஷப் பழசு மேடம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்றார் தம்பி, வாசலிலேயே.

"அது யானைக்கு சார். பியானோ செத்தா தூக்கிட்டுப் போக நாமதான் கூலி குடுக்கணும்."

கூடத்தில் பியானோ பளபளத்தது. நான் வருகிறேன் என்று புதிதாக மெருகு பூச வைத்திருந்தார். பூசிய புண்ணியவான் கட்டைகளின் இடுக்கையும் விட்டுவைக்கவில்லை. நான்கு கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழவே மாட்டேன் என்றன. எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. முன்பலகையைக் கழற்றி, தந்தியை இறுக்கும் ஆணி ஒன்றில் சாவியை மாட்டித் திருகினேன். கையை எடுத்ததும் ஆணி பழைய இடத்துக்கே நழுவியது. அடுத்ததும் அப்படியே. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆணிகளைப் பிடித்திருக்கும் பலகை குறுக்காக வெடித்திருந்தது. இனி அதில் சுருதி நிற்காது. அதை மாற்றுகிற செலவில் நல்ல பியானோவே இரண்டு வாங்கலாம்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல விலை போகும்ல? அப்பா உசுரா வச்சிருந்தாரு."

அவருக்குத் தன் பங்கைவிட அப்பாவின் மானம்தான் பெரிதாக இருந்தது. பாவமாக இருந்தது எனக்கு. ஆனாலும் சொன்னேன்.

"விலை பூஜ்யம்மா. சும்மா குடுத்தாக்கூட வாங்க ஆள் வராது."

அவர் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கோ முகம் சிவந்தது.

"உங்களுக்கு என்ன தெரியும்? வீட்டு விலைக்கு வாங்கிக்க என்கிட்ட ஆள் இருக்கு. அப்படியே எழுதுங்க. உங்க கூலிய ரெண்டு மடங்கா தர்றேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார்! சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருங்க மேடம். தம்பி சொல்ற விலையே எழுதுங்க."

"பாருங்க, அக்காவே சொல்லிட்டா!"

"ஆள் இருக்குன்னு சொல்றான்ல? பியானோவ அவனே எடுத்துக்கட்டும். எனக்கு இந்த வீடு போதும்."

தம்பி அக்காவைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"எழுதவா சார்?"

"இருங்க, இருங்க... நீங்க மொதல்ல சொன்னதையே எழுதுங்க."

"பூஜ்யமா?"

"ஆமாங்க, பூஜ்யம்தான்."

எழுதினேன். அடியில் தம்பியின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டேன். அக்கா தாளை நிதானமாகப் படித்துவிட்டு நான்காக மடித்தார்.

"அப்ப வீட்ல ஆளுக்குப் பாதி. பியானோ என்கிட்டயே இருக்கட்டும்டா. பூஜ்யத்துல பங்கு கேக்க மாட்டேல்ல?"