தரை இல்லாத ரோல்

என் தம்பி நாலு வருடமாக ஒரு மனிதரை மாடியிலிருந்து விழவைத்துக்கொண்டிருக்கிறான்.

இணையத்தில் வரும் படக்கதை அது. வாரம் ஒரு மாடி. போனில் விரலால் தள்ளத் தள்ள அந்த மனிதர் கீழே போய்க்கொண்டே இருப்பார். போகிற வழியில் ஜன்னலில் யார் நின்றாலும் பேசுவார். ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைப்பார், இன்னொரு வீட்டில் திரைச்சீலைக்கு நிறம் சொல்லிவிட்டுப் போவார். ஏன் விழுந்தார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. கேட்டால் தம்பிக்கும் தெரியாது. படிக்க ஒரு பெருங்கூட்டம் உண்டு. எல்லாரும் இதயம் போடுவார்கள். இதயத்தை வைத்து நான் என்ன, அடுப்பா மூட்ட முடியும்?

தம்பி எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். என் வீட்டுக்காரர் குழாய்க் கடை வைத்திருக்கிறார். எந்த வேலையும் அரைகுறையாக நின்றால் அவருக்குத் தூக்கம் வராது. ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"நாலு வருஷம் ஒருத்தன் விழுவானா? முதல்ல அந்த ஆளைத் தரையில போட்டு முடி. அப்புறம் புத்தகமாப் போட்டு வித்துப் பாரு. நாலு காசு வந்தா சரி. இல்லன்னா ஒண்ணாந்தேதி கடைக்கு வந்து கல்லாவுல உக்காரு."

"தரை வந்தா அவர் செத்துடுவாரே, மாமா."

"அதுக்கு நான் என்ன பண்றது? நானா தள்ளிவிட்டேன்?"

தம்பி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மனிதர்களிடம் அவனுக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. அவன் பேச வேண்டியதையெல்லாம் அந்த விழுகிறவர்தான் பேசிக்கொண்டிருந்தார். ஆனாலும் மாமா சொல்லைத் தட்டாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, புத்தகத்துக்கென்று மட்டும் தரையை வரைந்துவிட்டான். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

அடுத்தது அச்சகம். போன இடமெல்லாம் ஒரே கேள்வி.

"எத்தனை பக்கம், தம்பி?"

"ஒரே பக்கம்தான் சார். கொஞ்சம் நீளம்."

வெட்டிப் பக்கம் பக்கமாகப் போடலாம் என்றார்கள். இவன் ஒரே பிடிவாதம். பக்கம் என்றால் கீழே ஓரம் இருக்குமாம், ஒவ்வொரு ஓரத்திலும் அவர் போய்த் தலையில் இடித்துக்கொள்வாராம். அவர்களும் கும்பிடு போட்டு அனுப்பிவைத்தார்கள். கடைசியில், கடைகளுக்கு பில் ரோல் அடித்துக்கொடுக்கும் ஒருவர் சிக்கினார்.

"நீளமா? நமக்குத் தொழிலே நீளம்தானே!" என்றார் ரோல்காரர். முன்பக்கம் வெள்ளை, பின்பக்கம் முழுக்கப் படம். விரலால் தள்ளுவதற்குப் பதில் கையால் உருட்டிப் படிக்கலாம். தம்பி முகத்தில் ரொம்ப நாள் கழித்து சிரிப்பைப் பார்த்தேன்.

அந்த ரோல்காரர்தான் எங்கள் கடைக்கும் பில் ரோல் போடுகிறவர். வினை அங்கேதான் ஆரம்பித்தது. இரண்டு சரக்கும் ஒரே வண்டியில், ஒரே மாதிரி பெட்டியில் வந்து இறங்கின. வீட்டுக்கு வந்த பெட்டியைத் தம்பி ஆசையாகத் திறந்து ஒரு ரோலை உருட்டினான். கூடம் தாண்டி சமையலறை வரை போயிற்று. முழுக்க வெள்ளை.

"அக்கா, அவர் எங்க?"

பெட்டி மாறிவிட்டது. இரண்டு பேரும் கடைக்கு ஓடினோம்.

கடை வாசலில் ஒரே கூட்டம். நடைபாதையில் பில்களைப் படம் மேலே தெரிய வரிசையாக அடுக்கி, காற்றில் பறக்காமல் மேலே வாஷர்களை வைத்திருந்தார்கள். எல்லாம் பிளம்பர் ஒருவரால் வந்தது. காலையில் பைப் வாங்கியவர் பில்லைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஜன்னலில் ஒரு பெண், தலைகீழாக விழுந்துகொண்டிருக்கும் மனிதரிடம், "நான் அவரைக் கட்டிக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்கிறாள். பதில் இல்லை. பில் அங்கே கிழிந்துவிட்டது. பிளம்பர் உடனே ஒரு வாஷர் வாங்கினார். அடுத்த பில்லில் விழுகிறவர், "ஜன்னலைச் சாத்தாதீங்க, யோசிச்சுச் சொல்றேன்" என்றபடி அடுத்த மாடிக்குப் போய்விட்டார். பிளம்பர் இன்னொரு வாஷர் வாங்கினார். நடுவில் ஒரு பெயிண்டர் புகுந்து வாங்கியதால் அந்தத் துண்டு அவர் கைக்குப் போய்விட்டது. அதன்பிறகு எல்லாரும் சேர்ந்து படிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் கல்லாவில் வியர்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்கு என்ன ஆச்சு? எல்லாரும் வாஷரா வாங்குறானுங்க!"

அப்போது மிஷினிலிருந்து வந்த பில்லின் ஓரத்தில் நீளமாக ஒரு சிவப்புக் கோடு. ரோல் தீரப்போகிறது, புது ரோல் மாட்டு என்று கடைக்காரருக்குச் சொல்ல எல்லா பில் ரோலின் கடைசியிலும் போடுகிற கோடுதான் அது. ரோல்காரர் பழக்கதோஷத்தில் இதிலும் போட்டிருக்கிறார். விழுகிறவருக்குப் பக்கத்தில் கோடும் கூடவே இறங்கியது.

"தரை கிட்ட வந்துடுச்சு" என்றார் பிளம்பர். கையிலிருந்த வாஷரைத் திரும்ப டப்பாவில் போட்டார். "எனக்கு வேண்டாம் சார்."

பெயிண்டரும் பின்வாங்கினார். அவசரமாகக் குழாய் வாங்க வந்த அம்மா ஒருத்தியைக் கூட்டமே மறித்தது. "வீட்டுல தண்ணி ஒழுகுதுங்க!" என்றாள் அவள். "ஒழுகட்டும்மா" என்றார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து போய், நடைபாதையில் முட்டி போட்டு, முதல் பில்லிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நாலு வருடத்தில் இன்றைக்குத்தான் படிக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசி பில்லுக்கு வந்ததும் உள்ளே போய் மிஷின் மூடியைத் திறந்து மிச்ச ரோலை உருவிப் பார்த்தார். தரையைப் பார்த்துவிட்டார்.

"ஏண்டா, நீயா இதை வரைஞ்சே?"

"நீங்கதானே மாமா சொன்னீங்க."

அவர் கத்திரிக்கோலை எடுத்தார். தரைக்குச் சற்று மேலே வெட்டினார். துண்டைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பெட்டியில் இருந்த மற்ற ரோல்களின் கடைசியையும் உருவி உருவி வெட்ட ஆரம்பித்தார். பிளம்பர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் கை கொடுத்தோம். வெட்ட வெட்ட, கூட்டத்தில் இருந்தவர்கள் விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தார்கள். "தரை எடுத்தாச்சா?" என்று கேட்டு, உருட்டிப் பார்த்து, நிம்மதியாகப் போனார்கள். தண்ணீர் ஒழுகுகிற அம்மாவும் ஒன்று வாங்கிக்கொண்டு, குழாயை மறந்துவிட்டுப் போனாள்.

பெட்டி காலியானதும் என் வீட்டுக்காரர் தம்பி பக்கம் திரும்பினார். "ஒண்ணாந்தேதி கடைக்கெல்லாம் வர வேண்டாம். உனக்குக் கணக்கும் வராது. போய் அடுத்த மாடியை வரை."

கடை ரோலெல்லாம் வீட்டில் கிடந்ததால், அன்று மிச்சப் பொழுது பூரா பில்லைக் கையாலேயே எழுதினார்.

அடுத்த வாரம் புது மாடி வந்தது. ஜன்னலுக்குள் ஒரு கடை, கல்லாவில் தொப்பையோடு ஒருவர், கையில் கத்திரிக்கோல். விழுகிறவர் தலைகீழாகப் போகிற போக்கில் கேட்கிறார், "என்னங்க வெட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க பாட்டுக்குப் போங்க" என்கிறார் கல்லாக்காரர்.