முதல் விரால்

செல்லக்கண்ணுவின் தூண்டிலைப் பார்த்து எந்த மீனும் பயந்ததாகச் சரித்திரம் இல்லை. பர்மாவில், அலோன் பக்கத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டைக் கணக்குப் பார்ப்பவர். ஏரிக்கரையில் உட்கார்ந்தால் அவருக்கே தன்மேல் சிரிப்பு வரும். ஆனாலும் குஞ்சு பொரிக்கும் மழை மாதங்களில் பிடிக்கக் கூடாதென்று மூடிவைத்த ஏரியைத் திறந்துவிடும் முதல் மாலை, வருஷம் தவறாமல் ஏரி உள்ள கியாக்தானுக்கு பஸ் ஏறிவிடுவார். கூடவே நசீர். பசுந்தாங்கில் பூட்டுக்கடை வைத்திருப்பவர். இவரோடு ஒரே பெஞ்சில் இருந்து ஒரே வகுப்பில் தோற்றவர்.

இந்த வருஷம் வந்தது விளையாட்டுக்கு அல்ல. வெயில் காலத்தில் மகன் தமிழ்மணியை பஸ் நிறுத்தத்திலேயே வைத்துப் பிடித்து, கட்டாயமாகப் பட்டாளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வடக்கே சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மனைவி கலா வேண்டிக்கொண்டாள். "இந்தத் தடவ உங்க கையால பிடிக்கிற மொத மீன உசுரோட தண்ணியில விட்டுருங்க. நம்ம பிள்ளையையும் விட்டுருவாங்க."

"பஜார்ல உசுர் மீன் வாங்கி விட்டா ஆகாதா? ஊரே அப்படித்தான விடுது?"

"அது காசோட புண்ணியம். நமக்கு வேணாம்."

தீ மிதிப்பது, அலகு குத்துவது என்று எத்தனையோ இருக்க, போயும் போயும் என் திறமையை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டாளே என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் தூண்டில் முள்ளை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்.

கரையில், தண்ணீரைக் காக்கும் பர்மிய சாமி உ ஷின்ஜிக்கு வாழைப்பழம் வைத்தார்கள். தட்டைப் பிடித்தது நசீர். "சாமி உன்னோடது, பழம் என்னோடது. மீன் யாருக்கு வருதுன்னு பாப்போம்."

மீன் நசீருக்கு வந்தது. அப்புறம் பக்கத்தில் குடை விரித்து உட்கார்ந்திருந்தவருக்கு. அவருக்கே மறுபடியும்.

"உ செல்லா, பத்திரிகை வச்சு அழைச்சாத்தான் வருமோ உன் மீனு?" என்று பர்மிய மரியாதை 'உ'வும் சேர்த்துக் கிண்டலடித்த நசீர், இவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "இந்தா, என்னோடத எடுத்து விடுடா. அண்ணிகிட்ட மூச்சு விட மாட்டேன்."

"அவளுக்குத் தெரியாது. மேல கணக்கு வச்சிருக்கவனுக்குத் தெரியுமே."

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அவருடைய தூண்டில் நரம்பு அசைந்தது. மற்ற வருஷங்களில் அசைந்த உடனே வெடுக்கென்று இழுத்து, மீனுக்கு விடுதலை கொடுத்து, நசீரிடம் திட்டு வாங்குவார். இன்று இழுக்கவில்லை. இதைத் தவறவிடக் கூடாது. நன்றாகக் கவ்வட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நரம்பை விட்டுக்கொடுத்தார். பிறகுதான் இழுத்தார்.

முழங்கை நீள விரால். கரையே கைதட்டியது. குடைக்காரர் பர்மியத்தில் ஏதோ வாழ்த்தினார். செல்லக்கண்ணு சிரித்தபடியே அதன் வாயைத் திறந்து பார்த்தார். முள் தெரியவில்லை. நரம்பு மட்டும் தொண்டைக்குள் போயிற்று. வயிறுவரை விழுங்கவிட்டிருக்கிறார்.

"இழுக்காத! நரம்ப வெட்டி விடு. விரால் கெட்டி உசுரு, பஜார்ல வெறும் தட்டுலயே நாளெல்லாம் கெடக்குமே" என்றார் நசீர்.

வெட்டினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை விட்டார். மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வெள்ளை வயிற்றைக் காட்டியது. அதன் செவுளிலிருந்து மெல்லிய சிவப்பு கரைந்தது. அவசரமாக எடுத்து நிமிர்த்தி, இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டார். வாய் மெல்லத் திறந்து மூடியது.

ஒவ்வொருவராகத் தூண்டிலைச் சுருட்டிக் கிளம்பினார்கள். ராத்திரியானால் சாலையில் பட்டாளத்தார் நிறுத்திச் சோதிப்பார்கள், பஸ்ஸும் இருக்காது.

"செல்லா, கைய எடுத்துப் பாரு. போயிரும்."

"எடுத்தேன். சாயுது."

"நீ ஒண்ணும் வேணும்னு பண்ணலயேடா."

"வேணும்னுதாண்டா விட்டுக்குடுத்தேன். தப்பிச்சிரக் கூடாதுன்னு." சிரிக்கப் பார்த்தார்.

கரையில் வைத்திருந்த அவருடைய போன் அடித்தது. நசீர் எட்டிப் பார்த்தார். "அண்ணி. என்னன்னு சொல்ல?"

செல்லக்கண்ணு திரும்பவில்லை. உள்ளங்கையில் செவுள் ஒரு முறை அசைந்தது போலிருந்தது. தண்ணீர்தான் அசைந்ததோ, தெரியவில்லை.

"இன்னும் விடலன்னு சொல்லு."

போன் அடித்து ஓய்ந்தது. நசீர் அதை எடுக்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்து, அந்த மீனுக்கு அடியில் தன் கையையும் கொடுத்தார்.