இளைஞர்கள் தேவை, செட்டைத் தொடாதவர்களாக

அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு இளைஞர்கள் வேண்டுமென்று ஊரெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார் அதன் தலைவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். சங்கத்தின் இளைஞரணிப் பொறுப்பாளருக்கு அப்போதுதான் கண்புரை அறுவை முடிந்திருந்தது.

கடைசியில் அரசாங்கமே மனமிரங்கி, எளிய தேர்வோடு புதிதாய் ஒரு தொடக்கநிலை உரிமம் கொண்டுவந்தது. டாக்டர் கொதித்துப்போனார்.

"இதெல்லாம் ஒரு லைசென்ஸா? நாங்க மோர்ஸ் தந்திக் குறியைக் கத்துக்க உயிரை விட்டோம். இப்ப டிக் அடிச்சா போதுமாம்!"

அந்த டிக்கை அடித்துத் தேறி வந்து நின்றவள் அவருடைய மருமகளேதான். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ்களை அனுப்பும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க வயர்லெஸ்ஸில்தான் பேச்சு. சங்கம் அவளை அன்போடு வரவேற்று, பழைய வால்வு செட்டுகளின் பெருமையைச் சாயங்காலம் முழுக்க எடுத்துரைத்தது.

"மாமா, நான் ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?"

"அவசரப்படாதம்மா. ரெண்டு வருஷம் காதால கேளு. அப்புறம் பாக்கலாம்."

"போறப்ப நாற்காலியெல்லாம் அடுக்கிட்டுப் போம்மா" என்றார் செயலாளர். இளைய தலைமுறைக்கும் ஒரு வாய்ப்பு.

அடுக்கிவிட்டுப் போனவள் மறுபடி வரவில்லை. கையடக்க செட் ஒன்று வாங்கினாள். கூட வேலை பார்த்த நர்ஸ்களையும் லேப்காரர்களையும் அதே தேர்வை எழுதவைத்தாள்.

சில மாதம் கழித்துச் செயலாளர் பதறிப்போய் போன் செய்தார்.

"டாக்டர், நம்ம அலைவரிசையில யாரோ புகுந்துட்டாங்க. சிரிக்கிறாங்க!"

டாக்டர் ஓடிப்போய்த் தன் மைக்கைப் பிடித்தார். "இது விஞ்ஞானம்! அரட்டை மடம் இல்ல!"

"லைசென்ஸ்ல குடுத்த அழைப்புக்குறியைச் சொல்லாம பேசக் கூடாதுங்க" என்றது ஒரு பெண்குரல். அது பக்கத்து அறைச் சுவர் வழியாகவும் கேட்டது. பிறகு, "மாமாவா? வரிசையில இருங்க மாமா. முன்னாடி ஆள் இருக்கு."

சண்டை போடக் கதவு வரை போனார். போனால் தன் முறை தவறிவிடுமே என்று திரும்பிவந்து உட்கார்ந்தார். முறை வந்ததும் ஒரு நர்ஸ் கேட்டாள்: "சார், எங்க வீட்டுல பால்கனி மட்டும்தான். ஆன்டெனா எப்படிக் கட்டுறது?"

அவரை அப்படி யாரும் எதுவும் கேட்டுப் பல வருஷமாகியிருந்தது. விளக்கத் தொடங்கினார். பிறகு நிறுத்தவேயில்லை. மருமகள்தான் குறுக்கிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டாள், ரேடியோவிலேயே.

ஆண்டுக் கூட்டத்தில், சங்கத்தில் புதிதாய்ச் சேர்ந்த நர்ஸ்கள் நிறைந்த அரங்கைப் பார்த்துத் தலைவர் உரையாற்றினார்: "இளைஞர்களை ஈர்க்க நான் எடுத்த அயராத முயற்சியின் பலன் இது!"

மருமகள் பலமாகக் கைதட்டினாள்.

"நீ ஏன் உண்மையைச் சொல்லாம இருக்கே?" என்றான் கணவன்.

"பேசட்டும் விடுங்க. அடுத்த பேட்ச்சுக்கு மாமாதான் கிளாஸ் எடுக்கப் போறாரு. இன்னும் அவர்கிட்ட சொல்லல."