அசிட் இறங்கி வந்த வீதி

என் மனுசனைப் போல நிதானமான ஆளைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துவது எவ்வளவு கரைச்சல் என்று யாராவது கேட்டால், விடிய விடியச் சொல்ல என்னிடம் கதை இருக்கிறது. வீட்டுக் கூரையில் நெருப்புப் பிடித்தாலும் சாரத்தை ஒழுங்காக மடித்துக் கட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். இந்த அழகில் அவருக்குத் துறைமுகத்தில் நெருப்பணைக்கிற வேலை. "நீங்கள் போய்ச் சேருறதுக்குள்ள அது தானா அணைஞ்சு போயிடும்" என்று நான் சொல்லாத கிழமை இல்லை. சிரிப்பார். அந்தச் சிரிப்பும் அவசரமில்லாமல், ஆறுதலாகத்தான் வரும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு, சித்திரை மாதம். தம்பலகாமத்தில் என் தங்கையின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. எங்கள் இரண்டு பெண்பிள்ளைகளையும் லிங்கநகரில் எங்கள் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நாங்கள் இருவரும் மட்டும் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சீனக்குடாவைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் பஸ்ஸால் இறங்க வேண்டும், சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். வீதி கடல் பக்கம் சரிந்து இறங்குகிற இடம் அது. ஆண்களுக்கு மேலே ஒரு வரிசை, பெண்களுக்குக் கீழே ஒரு வரிசை. நடுவில் ஒரு லொறி நின்றது.

லொறியில் இரும்புப் பெரல்கள். காலையிலிருந்து அங்கேயேதான் நிற்கிறது என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அந்த நாளில் பற்றரிக்கே அனுமதிக் கடிதம் வேண்டும். பற்றரிக்கு ஊற்றுகிற அசிட்டைப் பெரல் கணக்கில் கொண்டு வந்தால் சும்மா விடுவார்களா? கொழும்புக்குக் கேட்டுப் பதில் வரட்டும் என்று வெயிலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். லொறிக்கார அபூதாஹிர் நிழலுக்காகத் தன் லொறிக்குப் பின்னாலேயே குந்தியிருந்தார். எனக்கு முன்னால் கிண்ணியாவிலிருந்து வந்த றுக்கியா என்ற பெண் கைக்குழந்தையோடு நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல், பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். டமார் என்று ஒரே ஒரு வெடி.

அது என்ன வெடி என்பதை என் மனுசன் பிறகு சொன்னார். மழைத் தண்ணீர் கொஞ்சம் பெரலுக்குள் போயிருக்கிறது. உள்ளே வாயு கட்டி, வெயிலில் ஊதிப் பெருத்து, மூடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. பெரல் உருண்டு வீதியில் விழுந்தது. ஆனால் அந்த நேரம் யாருக்கு இதெல்லாம் தெரியும்? எங்கள் பகுதியில் நடை பழகுகிற பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: வெடி கேட்டால் யோசிக்கக் கூடாது, குப்புறப் படுக்க வேண்டும். எல்லோரும் படுத்தோம். ஆணும் பெண்ணும், கிழவனும் குமரும், அப்படியே தார் வீதியில் முகம் புதைத்துப் படுத்தோம். அபூதாஹிர், "எரியுது! அல்லாஹ்வே, கால் எரியுது!" என்று கத்தினார். துவக்குச் சூடு பட்டுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

மண்மூட்டைக் காவலரணுக்குள் இருந்து, "ஹெலவென்ட எபா!" என்று சத்தம் வந்தது. அசையாதே என்று அர்த்தம். சிங்களம் தெரியாதவருக்கும் அது தெரியும். அதை மீறி எழும்பினவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். மேலேயிருந்து ஏதோ ஒன்று வீதியில் இறங்கி வந்துகொண்டிருந்தது. நல்லெண்ணெய் போலத் தடிப்பாக, பளபளவென்று, அவசரமில்லாமல் வந்தது. யாரோ போட்டுவிட்டுப் படுத்த பனையோலைப் பையொன்று அதன் வழியில் கிடந்தது. அது தொட்டதும் ஓலை கறுத்தது. நெருப்பில்லை, சுவாலை இல்லை. கறுத்து, சுருங்கி, கரியாகி உட்கார்ந்துவிட்டது. தார் புகைந்தது. ஒரு சாக்குத் துண்டு என் கண்முன்னே இல்லாமல் போனது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படியும் ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறதா என்று மலைத்துப் போய்க் கிடந்தேன். அது எங்களைத்தான் நோக்கி வருகிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. றுக்கியா எனக்கும் மேட்டுப் பக்கமாக, குழந்தையை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் மேல் வரிசையில் ஒரு ஆள் எழும்பியது. ஆறுதலாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கதிரையில் இருந்து எழும்புகிற மாதிரி எழும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது. என் மனுசன்!

துவக்குகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. அவர் துறைமுகத்தில் பழகின சிங்களத்தில், சத்தம் போடாமல், குண்டில்லை ஐயா, அசிட், கீழே பெண்கள் படுத்திருக்கிறார்கள், எழும்ப விடுங்கள் என்று சொன்னார். படு என்று கத்தினார்கள். அவர் படுக்கவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"அக்காமார், தங்கச்சிமார், எழும்புங்கோ. அது அசிட். நிலத்தில கிடக்காதேங்கோ, எழும்பி ஓரத்துக்குப் போங்கோ."

ஒருத்தியும் அசையவில்லை. எப்படி அசைவாள்? யாரென்றே தெரியாத ஒரு மனிதனின் சொல்லைக் கேட்டுத் துவக்குக்கு முன்னால் எழும்ப யாருக்குப் பைத்தியம்?

அப்போது அவர் என்னைப் பார்த்தார்.

"கனகம்மா! எழும்பு!"

கலியாணம் கட்டி அத்தனை வருசத்தில் நாலு பேருக்கு முன்னால் அவர் என் பெயரைச் சொன்னதில்லை. "இஞ்சேர்" என்பதோடு சரி. எனக்கு முதலில் வந்தது பயமில்லை, ஆத்திரம். பாவி மனுசா, வீட்டில் இரண்டு பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள், தாயும் தகப்பனும் ஒரே இடத்தில் சாகவா கூப்பிடுகிறாய் என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிக்கொண்டே முழங்காலை ஊன்றினேன். சேலை காலில் சிக்கியது. எழும்பி நின்று கையைத் தூக்கினேன். முதுகில் எங்கே படப்போகிறது என்று உடம்பு முழுக்கக் காத்துக்கொண்டிருந்தது.

வெடி வரவில்லை.

"றுக்கியா, எழும்பு பிள்ளை" என்றேன்.

"ஏலாது அக்கா, சுடுவானுகள்."

"என்னைச் சுடேல்லைத்தானே. எழும்பு!"

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழும்பவும், அவள் படுத்திருந்த இடத்தை அந்த எண்ணெய் தொடவும் சரியாக இருந்தது. பிறகு எங்கள் பின்னால் சேலைகள் சரசரத்தன. திரும்பிப் பார்த்தேன். வரிசை முழுக்க எழும்பிக்கொண்டிருந்தது. கைகளைத் தூக்கியபடி, முக்காடு விழுந்ததைக்கூடச் சரிசெய்யாமல், எல்லோரும் நேராக நின்றார்கள். கோயில் திருவிழாவிலும் அப்படியொரு கூட்டத்தை நான் கண்டதில்லை.

காவலரணுக்குப் பின்னாலிருந்து சிப்பாய் ஒருவர் ஓடி வந்தார். அந்த ஈரத்தில் சப்பாத்தை வைத்து, அடி புகைவதைக் கண்டு துள்ளி விலகினார். அதோடு அவர்களுக்கும் விளங்கிவிட்டது. இன்னொருவர் வாளித் தண்ணீரோடு வந்து வீதியில் ஊற்றப் போனார்.

"வத்துர எபா!" என்று என் மனுசன் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் வேண்டாம், ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். மண் வேண்டும், மண் என்றார். அது வீதியோரத்து மழைநீர்க் கானுக்குள் இறங்கினால் கீழே கரையில் மீனவர் குடியிருக்கிற வாடிகளுக்குத்தான் போகும்.

மண்ணுக்கு எங்கே போவது? அந்த இடம் முழுக்கக் கல்லும் தாரும். மண் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். என் மனுசன் காவலரணைப் பார்த்தார். பொறுப்பாக நின்ற அதிகாரியும் அதைத்தான் பார்த்தார். அந்த மூட்டைகள் காட்டுப் பக்கத்தை மறைத்து அடுக்கியவை. அவை இல்லாவிட்டால் அங்கிருந்து யாரும் குறி பார்க்கலாம். அதிகாரி காட்டைப் பார்த்தார், கடற்கரை வாடிகளைப் பார்த்தார். துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு போய், முதல் மூட்டையைத் தானே இழுத்து இறக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் நம்ப மாட்டார்கள். சிப்பாய் தூக்கிக் கொடுக்க, பஸ் கொண்டக்டர் வாங்க, அவரிடமிருந்து மீன்காரர் ஒருவர் வாங்க, மூட்டைகள் கைமாறி வந்தன. என் மனுசன் அவற்றைக் கானுக்குக் குறுக்கே அடுக்கினார், சிலதைக் கத்தியால் கீறி அசிட்டின் மேல் கொட்டினார். நாங்கள் பெண்கள் கையாலும் சேலைத் தலைப்பாலும் மண் அள்ளினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே காவலரண் இடுப்பளவாகி, முழங்காலளவாகி, தரையோடு போனது. எத்தனையோ வருசமாக அந்த மூட்டைகளுக்குள் கண்ணையும் துவக்கின் வாயையும் மட்டும்தான் கண்டிருந்தோம். இப்போது வியர்த்துக் கொட்ட, வெட்டவெளியில், முழு மனிதர்களாக நின்றார்கள்.

இடையில் ஒரு கூத்தும் நடந்தது. அபூதாஹிரின் காலுக்குத் தண்ணீர் ஊற்று, நிறுத்தாமல் ஊற்று என்று என் மனுசன் சொல்ல, வாளிக்காரச் சிப்பாய் குழம்பிப்போய் நின்றார். இப்போதுதானே வேண்டாம் என்றாய் என்றார். "ரோட்டுக்கு எபா, ஆளுக்கு ஓனே!" ரோட்டுக்கு வேண்டாம், ஆளுக்கு வேண்டும் என்று இவர் கத்தினார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அபூதாஹிரும் அழுதுகொண்டே சிரித்தார்.

கடைசியில் இவரும் அந்த அதிகாரியும் கம்பொன்றைக் கொடுத்துப் பெரலைப் புரட்டி, வாய் மேலே வரும்படி நிறுத்தினார்கள். அப்போது இவருடைய இடது கையில் தெறித்துவிட்டது. டவுனிலிருந்து வண்டி சுண்ணாம்போடு வந்து கொட்டியபோது வீதி சீறி வெள்ளைப் புகை விட்டது. கானுக்குள் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

நான் அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், கையை வாளித் தண்ணீருக்குள் வைத்துப் பிடித்தேன். தோல் வெந்து போயிருந்தது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. எல்லாம் அடங்கின பிறகுதான் எனக்கு ஆத்திரம் திரும்பி வந்தது.

"எத்தனை பேர் கிடந்தவை? கூப்பிட நான்தானோ கிடைச்சனான்? சுட்டிருந்தால் என்ன செய்திருப்பீங்கள்?"

அவர் எதிர்ப்பக்கத்தில் றுக்கியா பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பதையே பார்த்தார்.

"சுடுவாங்கள் எண்டுதான் நானும் நினைச்சனான்" என்றார். "ஒருத்தி எழும்பினாத்தான் மற்றவை எழும்புவினம். மற்றவையெல்லாம் ஆற்றையோ பெண்சாதி, ஆற்றையோ பிள்ளை. சாகக்கூடிய இடத்தில எழும்பு எண்டு சொல்ல, உன்னைத் தவிர வேற ஆரில எனக்கு உரிமை இருக்கு?"

ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருசம் நான் சோறு போட்டுக் கொடுத்த ஆளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. வாளித் தண்ணீர் வெயிலில் சூடாகிவிட்டது. அதை ஊற்றிவிட்டு, வேறு தண்ணீர் அள்ளி வந்து, அவர் கையைத் திரும்ப உள்ளே வைத்தேன்.