மாஸ்டரின் வண்டியில் எல் போர்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சிக்னலில் கிடைத்தது. நான் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தேன். (முறையாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன் ஏன் பேருந்துக்கு நிற்கிறான் என்று கேட்காதீர்கள். கதை என்னைப் பற்றியது அல்ல.) எதிரே சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. முன் கண்ணாடியில் சிவப்பாக எல் போர்டு. பக்கத்து சீட்டில், காலில் மாவுக்கட்டோடு ஒரு அம்மா. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி வியர்த்து வழிந்துகொண்டிருந்தவர், எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர்.

கணக்கு வாத்தியார் கடை வாசலில் விரல் மடக்கி எண்ணுவதைப் பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். "தைரியமா போங்க, நான் இருக்கேன்ல" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாங்களெல்லாம் லாரிகளுக்கு நடுவே வண்டியை விட்டோம்.

மறுநாள் பயிற்சிப் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். மாஸ்டர் அசடு வழியச் சிரித்தார்.

"வீட்டுக்கு வாங்க. அக்கா இருக்கும்போது சொல்றேன். நான் தனியா சொன்னா பாதியை முழுங்கிடுவேன்."

அக்கா என்று அவர் சொன்னது தன் மனைவியை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். மாஸ்டரின் மாணவர்கள் எல்லோருக்கும் அவர் அக்காதான்.

2

பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. வருஷக்கணக்காக மாஸ்டர் உட்கார்ந்த இடம் அதுதான். பள்ளி வண்டி பள்ளியிலேயே நிற்கும். வீடு பக்கம், நடந்தே வந்துவிடுவார். வீட்டுக் காரை அக்கா ஓட்டுவார். முதலில், "நீயே எடும்மா, கால் வலிக்குது" என்று ஆரம்பித்தது. பிறகு காரணம் சொல்வதும் நின்று, "நீயே எடு" மட்டும் மிஞ்சியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலைக் கழுவுவதற்காக வண்டியைக் கொஞ்சம் நகர்த்தலாம் என்று ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது. உள்ளங்கை வியர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது. சாவியைத் திருப்பாமலே இறங்கி, "பேட்டரி சரியில்ல" என்றார்.

மறுநாள் காலை அக்கா ஒரே திருப்பில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வேலைக்குப் போனார். ஒன்றும் கேட்கவில்லை.

அந்த விபத்துக்குப் பிறகு மாஸ்டரின் கைகள்

(மேலே உள்ள வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை. விபத்து எதுவும் நடக்கவே இல்லை. ஆனால் நீங்கள் காரணம் கேட்பீர்கள் என்ற பயத்தில், அவரைத் துளைத்து எடுத்தேன்.)

"யோசிச்சுப் பாருங்க மாஸ்டர். யாராவது குறுக்க வந்து, நீங்க சட்டுனு பிரேக் போட்டு..."

"ஒண்ணும் நடக்கலைங்க."

"சின்னதா ஒரு உரசல்கூடவா இல்ல?"

"ஏங்க," என்று உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "தம்பிக்கு ஒரு விபத்து வேணுமாம். ஒண்ணைக் குடுத்து அனுப்புங்களேன், பாவம்."

ஒருவருடைய தன்னம்பிக்கை போனது என்றால், போன அன்று பெரிதாக ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறோம். மாஸ்டருக்கு அது நிறுத்தியே வைத்த வண்டியின் டயர் மாதிரிதான். ஆணி எதுவும் ஏறவில்லை. ஓடாமல் நின்றது, காற்று இறங்கிவிட்டது.

3

கடையில் உயரத்திலிருந்த பெட்டியை எடுக்க ஏறியபோது அக்காவுக்குக் கால் பிசகிக் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. மாவுக்கட்டு. ஆஸ்பத்திரிக்குப் போகவர வாடகைக் கார். கட்டுப் பிரிக்கும் நாள் காலையிலும் மாஸ்டர் வண்டிக்குச் சொல்லப் போனைத்தான் எடுத்தார்.

"வேணாம்," என்றார் அக்கா. "நீங்க எடுங்க."

மாஸ்டர் போனைக் கீழே வைத்தார்.

"என்னால முடியாதும்மா."

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பேட்டரி சரியில்லைன்னு சொன்னீங்களே, அன்னிலேர்ந்து."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா புது பேட்டரி வாங்கிட்டு வந்திருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பயம் திரும்ப வந்தது.

"பக்கத்துல பிரேக் போட ஆள் இல்லாம எப்படிம்மா?"

"நான் உக்காந்திருக்கேன்."

"உன் கால்லதான் கட்டுப் போட்டிருக்கே."

"வாய்க்குப் போடலையே."

மாஸ்டர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றுதான் அக்கா நினைத்தார். திரும்பி வந்தபோது கையில் பள்ளியிலிருந்து எடுத்துவந்த எல் போர்டு.*

* முதல் பிரதியில் இந்த யோசனையை அக்காவுக்குக் கொடுத்திருந்தேன். படித்துக் காட்டியபோது அவர் மறுத்தார். "அது இவரோடது. என் பேர்ல எழுதாதீங்க." அவமானமாக இல்லையா என்று மாஸ்டரிடம் கேட்டேன். "இல்லாம என்ன? பிடுங்கித் தின்னுச்சு. ஆனா பயப்படுற எல்லாருக்கும் ஒட்டித்தானே அனுப்புறேன்? எனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்?"

4

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கொட்டும் மழை. இன்னொன்றில் எதிரே பிரேக் அறுந்த லாரி, மாஸ்டர் மின்னல் வேகத்தில்... வேண்டாம். வெயில் அடித்தது. லாரிகள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன.

வீட்டுத் தெருவைத் தாண்டும்வரை இரண்டாம் கியர். மூன்றுக்கு மாற்ற அவருக்குக் கை வரவில்லை. அக்கா வாயைத் திறக்காமல் வந்தார். ஆனால் மாவுக்கட்டுப் போட்ட கால், இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.

சந்தைக்கு முன்னால் இருக்கும் சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்சைப் படக்கென்று விட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. நான் நின்றிருந்த சிக்னல் அது. பின்னால் ஹார்ன், அதற்கும் பின்னால் ஹார்ன். திரும்பக் கிளப்பினார், திரும்ப நின்றது. பின்காரிலிருந்து ஒருவன் இறங்கித் திட்டுவதற்குத் தயாராக வந்து குனிந்தான். வந்த வசவு தொண்டையிலேயே நின்றுவிட்டது. அவனும் பழைய மாணவன்.

"மாஸ்டர்! நீங்களா? அக்காவுக்கு ஓட்டச் சொல்லித் தர்றீங்களா?"

ஓட்டும் சீட்டில் இருப்பவரைப் பார்த்தே இந்தக் கேள்வி. மாஸ்டர் பழகுகிறார் என்பது அவன் புத்திக்கு எட்டவே இல்லை. 'ஆமாம்ப்பா' என்று தலையாட்டிவிட்டால் மானம் தப்பும். தலை கொஞ்சம் அசையவும் செய்தது என்று மாஸ்டரே ஒப்புக்கொண்டார். அக்கா நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லப்பா," என்றார் மாஸ்டர். "நான்தான் பழகுறேன். விட்டுப் போச்சு. ஹார்ன் அடிக்காதப்பா, கை பதறுது."

அவன் நடுரோட்டில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்துப் பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் மறித்தான். "பொறுங்கப்பா! மாஸ்டர் பழகுறாரு!"

ரோடே வேடிக்கை பார்த்தது.

"கிளட்சை மெதுவா விடுங்க," என்றார் அக்கா.

"தெரியும்!" என்று எரிந்து விழுந்தார் மாஸ்டர். வண்டி நகர்ந்தது.

"அப்பதான் தம்பி எனக்கு மூச்சே வந்துச்சு," என்றார் அக்கா என்னிடம். "கோவம் வந்துடுச்சு பாருங்க. இனிமே ஓட்டிடுவாருன்னு தெரிஞ்சு போச்சு."

5

இங்கேயே முடித்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த நாளும் அவருக்குக் கை வியர்த்தது, அதற்கடுத்த நாளும். அப்படியும் எடுத்தார். ரொட்டிக் கடை வரைக்கும், பிறகு அக்காவை வேலையிலிருந்து கூட்டிவர மருந்துக்கடை வரைக்கும். ரிவர்ஸ் எடுப்பதற்குள் இறங்கி இறங்கிப் பார்ப்பார். சில நாள் வியர்க்கவில்லை. வியர்க்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அவருக்கே தெரிந்தது.

பயிற்சி வண்டியிலும் அவர் பேச்சு மாறிவிட்டது. "பயந்துக்கிட்டே போங்க, பரவாயில்ல" என்கிறார். மாஸ்டரே இப்படிப் பேசினால் எப்படி என்று பழக வந்த ஒரு அம்மா பள்ளி முதலாளியிடம் புகார்கூடச் செய்திருக்கிறார்.

6

அக்காவின் கால் முழுதாகக் குணமானது. இருவரும் மகள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நீண்ட வழி. பாதி தூரம் மாஸ்டர். டீக்கடையில் நிறுத்தி மாறிக்கொண்டு, லாரிகள் நெரியும் பெரிய பாலத்தை அக்கா ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

டீ குடித்துவிட்டு மாஸ்டர் முகம் கழுவப் போனார். திரும்பி வந்து பார்த்தால், அக்கா பக்கத்து சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மாஸ்டர் மெதுவாகக் கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கதவருகிலேயே நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்து, பாலத்தின் மேல் வண்டியை விட்டார். அக்கரை போனதும் அக்கா கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றார்.

"நடிச்சிருக்கா," என்கிறார் மாஸ்டர். "அவ தூங்கினா லேசா வாய் திறந்திருக்கும். அன்னிக்கு மூடியிருந்துச்சு."

"நெஜமாவே அசந்துட்டேன் தம்பி," என்கிறார் அக்கா. "இவர் ஓட்டினா இப்பல்லாம் தூக்கம் வருது."

இரண்டு முடிவுகளையும் எழுதி எடுத்துப்போய்க் காட்டினேன். அக்கா நடித்த முடிவை அக்கா அடித்தார். தூங்கிய முடிவை மாஸ்டர் அடித்தார். என் கையில் வெறும் தாள். எது நடந்தது என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மாஸ்டர் சொன்ன ஒன்றை மட்டும் சேர்த்துவிடுகிறேன்: பாலத்தின் நடுவே ஒரு பள்ளம் வந்ததாம், பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க, வண்டி அதிராமல் மெதுவாக இறக்கி ஏற்றினாராம்.

"அவங்க நடிக்கிறாங்கன்னுதான் உங்களுக்குத் தெரியுமே மாஸ்டர். அப்புறம் எதுக்கு மெதுவாப் போனீங்க?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒருவேளை அவ தூங்கிட்டிருந்தான்னா?"